ஒரே வண்டியில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்

வாங்க டாக்டர், உள்ள வாங்க. அந்த சேர்ல உக்காருங்க, இதுல ஆயில் இருக்குது. போன்ல பேசுனது நீங்கதானுங்களே? பொள்ளாச்சியில பல் ஆஸ்பத்திரி வெச்சிருக்கறதா சொன்னீங்க. பொம்பளக் குரல் கேட்டதும் தம்பிக்கோ யாருக்கோ விசாரிக்கறீங்கன்னுதான் நெனச்சேன். நீங்களே ஓட்டறீங்கன்னதும் சந்தோசமா இருந்துச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நான் அப்படியே பேசிப் பழகுன ஆளு.

ரெண்டும் இதுதானுங்க. கையில எடுத்துப் பாருங்க. சிகரெட் பாக்கெட்ல பாதிகூட வராது. டிரான்ஸ்பாண்டர்னு பேரு, நாங்க டப்பான்னே சொல்லிருவோம். ட்ராக்ல கோட்டுக்கிட்ட தாரைக் கீறி உள்ள ஒரு வயர் பொதைச்சு வெச்சிருப்பாங்க. வண்டி அதைத் தாண்டறப்ப இந்த டப்பா தன்னோட நம்பரச் சொல்லும். மேல டவர்ல கம்ப்யூட்டர் அதைக் குறிச்சுக்கும். ஒரு சுத்து சுத்தி வந்து மறுக்கா தாண்டுனா முடிஞ்சுது, எவ்வளவு நேரத்துல வந்தீங்கன்னு விநாடியில ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் சொல்லிப்போடும்.

கருப்பு இருக்குது பாருங்க, அது வண்டி பேட்டரியில வயர் இழுத்து மாட்டறது. மாட்டுனா மாட்டுனதுதான், அதைப் பத்தி நெனைக்கவே வேண்டாம். சிவப்பு, சார்ஜ் போடறது. இன்னைக்கு இந்த வண்டி, நாளைக்கு அந்த வண்டின்னு கழட்டி மாட்டிக்கலாம். ஆனா சார்ஜ் போட மறந்தீங்கன்னா நீங்க ஓட்டுனதே கணக்குல வராது. வருசா வருசம் சந்தா கட்டற ஜாதி ஒண்ணு இருக்குது, கட்டலைன்னா வாய மூடிக்கும். அந்தப் பக்கமே போகாதீங்க. இது ரெண்டும் ஒரேயடியா வாங்குனது.

எது நல்லதுன்னு கேட்டீங்க. ரெண்டுமே நல்லதுதானுங்க. பொய்யே சொல்லாது. அதுதான் வம்பே.

எதுக்கு ரெண்டையும் விக்கறீங்கன்னு போன்ல கேட்டீங்களே, அதைச் சொல்றேன். அவசரமில்லீங்களே? அவசரம்னா சொல்லுங்க, சுருக்கமா சொல்லிப்போடறேன். இல்லைன்னா உக்காருங்க, காப்பி வரும்.

எம் பேரு தெய்வசிகாமணிங்க. ஞாயித்துக்கெழமை கிளப்புல பதினோரு வருசமா ஓட்டறேன். எங்கது சின்னக் கிளப்பு. டாக்டரு, வக்கீலு, மில் மேனேஜரு, என்னைய மாதிரி பட்டறைக்காரன், இப்படிப் பதினாலு வண்டி. பக்கத்துப் பக்கத்துல முட்டிக்கிட்டு ஓட்டறதெல்லாம் கெடையாது. ஒவ்வொரு வண்டியா விடுவாங்க. ஆளுக்கு மூணு சுத்து, அதுல நல்ல சுத்து எதுவோ அதுதான் கணக்கு. நேரந்தான் எல்லாமே. எவன் முன்னாடி போனான், எவன் பின்னாடி போனான்னு கண்ணால பாக்க முடியாதுங்க. டவர்ல இருந்து சொல்ற நேரத்த நம்பித்தான் ஆகணும்.

அந்த டவர்ல ஸ்டாப் வாட்ச் பிடிச்சுட்டு நின்னது யாரு? திருமூர்த்தி. எம் பொண்டாட்டிக்குத் தம்பி. என் மாப்ளே. பக்கத்துல நோட்டுப் போட்டு எழுதுனது யாரு? எம் பொண்டாட்டி கோகிலவாணி. ஒரே குடும்பம் டாக்டர். வேற ஒருத்தனுக்கு இப்படி ஊட்டு ஆளுங்களே நேரம் பாத்தா அவனுக்குச் சலுகை குடுத்திருப்பாங்கன்னு பேசுவாங்க. எனக்கு அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. ஏன் வரலைங்கறீங்க? பதினோரு வருசத்துல நான் ஒரு தடவைகூட கப் வாங்குனதில்லீங்க. கப்பு மூணு பேருக்கு. நான் எப்பவும் நாலாவது. சமயத்துல அஞ்சாவது. மறுபடி நாலாவது.

அதும் எப்படி நாலாவது! மூணாவது ஆளுக்கும் எனக்கும் விநாடியில பத்துல ரெண்டு பங்கு. பத்துல ஒரு பங்கு. ஒரு வருசம் கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்லீங்க. திருமூர்த்தி மைக்ல சொல்லுவான், "தெய்வசிகாமணி, ஒண்ணு இருபத்தொம்பது புள்ளி நாலு!" ஒரு நிமிசம் இருபத்தொம்பது விநாடி. நான் தலையத் தூக்கி டவரப் பாப்பேன். மூணாவது ஆளு இருபத்தொம்பது புள்ளி மூணு. இப்படியே பதினோரு வருசம். வேற ஒருத்தனா இருந்தா வண்டிய வித்துப்போட்டுப் போயிருப்பான். நான் விடலை. இதா இன்னிக்கு, இதா நாளைக்குன்னு ஓட்டுனேன்.

அப்பறம் யோசிச்சேனுங்க. கோடு தாண்டறதைக் கண்ணு பாக்கணும், மூளைக்குப் போகணும், அங்கிருந்து வெரலுக்கு வரணும், வெரலு பட்டன அமுக்கணும். இதுல பத்துல ரெண்டு பங்கு தப்பு வராதா? வரும். அந்தத் தப்பு எப்பவும் எம் பக்கம்தான் விழுகுது. மாப்ளே வேணும்னு செய்யறான்னு சொல்லலை. சொந்தக்காரனுக்குச் சலுகை குடுத்தான்னு பேரு வந்துரக் கூடாதுன்னு பயந்து, எனக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா அமுக்கறான்னு முடிவு பண்ணிட்டேன். நல்லவன், ஆனா பயந்தாங்கொள்ளி. அவனும் ஆரம்பத்துல வண்டி ஓட்டுனவன்தான். நான் கிளப்புக்குப் போன வருசத்தோட ஓட்டறதை நிறுத்திப்போட்டு வாட்ச் பிடிச்சுக்கிட்டான். ஏண்டா மாப்ளேன்னு கேட்டா, "எனக்கு இதுவே போதுமுங்க மச்சான்"பான். வேகம்னா பயம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கறேன், அவன வெச்சுக்கிட்டே.

போன வருசம் கிளப்பு பொதுக்கூட்டத்துல எந்திரிச்சு நின்னேன். கையில நேரம் பாக்கறது போதும், டிரான்ஸ்பாண்டர் வெக்கணும்னேன். அரை மணி நேரம் பேசுனேனுங்க. எங்கெங்கயோ படிச்சு, பெங்களூருக்கும் சென்னைக்கும் போன் போட்டு விசாரிச்சு, தரைக்கு எத்தனை உசரத்துல மாட்டணும், கீழ தகரம் இருந்தா சிக்னல் போகாது, எல்லாம் சொன்னேன். எல்லாரும் பொட்டாட்ட, சத்தமில்லாம உக்காந்திருந்தாங்க. இத்தனை பேரு இப்படிக் கவனமா கேக்கறாங்களேன்னு எனக்குப் பெருமை. ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கலை. செக்ரட்டரி ஜெயசீலன் மட்டும், "கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாமுங்க"ன்னாரு. இதுல யோசிக்க என்ன இருக்குதுன்னேன். சரி, எந்த டப்பா வாங்கறதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க, துணைக்குத் திருமூர்த்தியும் இருக்கட்டும்னு விட்டுட்டாங்க.

இப்பத்தான் டாக்டர் கதையே. நீங்க எந்த டப்பா வாங்கறதுன்னு கேட்டு வந்திருக்கீங்கல்ல, கேளுங்க.

திருமூர்த்தி மொதல்ல என்ன சொன்னான்? போன்லயே ஜிபிஎஸ் வெச்சுப் பாத்துக்கலாமுங்க மச்சான், எதுக்கு வீண் செலவுன்னான். அதுல சரியா வராதேடான்னேன். "கொஞ்சம் முன்னப்பின்ன வரும், அதனால என்னங்க"ன்னான். முன்னப்பின்ன வர்றதுக்கா நான் இவ்வளவு மெனக்கெடறேன்? முடியாதுன்னேன். சரி, அப்படீன்னா சார்ஜ் போடற டப்பா வாங்கலாம், எல்லார் டப்பாவுக்கும் சார்ஜ் போட்டு வெக்கறது என் பொறுப்புன்னான். எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. உனக்கெதுக்குடா அந்த வேலைன்னு, வயர் இழுத்து மாட்டற கருப்பு டப்பாவையே முடிவு பண்ணிட்டேன். கடைசியா ஒரு நாள் ஊட்டுக்கே வந்துட்டான். பைக்க நிறுத்திட்டு வாசல்லயே நிக்கறான். "மச்சான், இது வேண்டாமுங்க. எனக்காக விட்டுருங்க"ன்னான். உள்ள கோகிலா கேட்டுட்டேதான் இருக்கறா. டவர் வேலை போயிரும்னு வெசனப்படறான்னு நெனச்சேன். உனக்கு வேற பொறுப்பு வாங்கித் தர்றேன் போடான்னு தட்டிக் குடுத்து அனுப்புனேன். அவன் மூஞ்சி அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்ப நெனச்சாலும் ஆத்திரமா வருதுங்க. எல்லாம் தெரிஞ்சும் மறைச்சிருக்கறான் பாருங்க.

ஜூலை மாசம் மொதல் போட்டி. பதினாலு வண்டியிலயும் கருப்பு டப்பா. என் வண்டியில நானே கையால மாட்டுனேன். மூணு சுத்து ஓட்டுனேன். சொல்றேன் கேளுங்க, அன்னைக்கு ஓட்டுன மாதிரி நான் என்னைக்கும் ஓட்டுனதில்லை. வளைவுல என் எஸ்டீம் வண்டி அப்படியே ஒட்டிட்டுத் திரும்புச்சு. கப் நம்மளுதுன்னு எறங்கி வர்றேன். பேப்பர ஒட்டுனாங்க. மேலருந்து பாக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. எம் பேரு இல்லை. நாலு, அஞ்சு. இல்லை. ஒம்போதுக்கு மேல எனக்குக் கண்ணு மங்கிருச்சு. பதிமூணாவது இடம். தெய்வசிகாமணி, ஒண்ணு முப்பத்திமூணு புள்ளி நாலு. பதினாலாவது ஆளுக்கு கியர் பாக்ஸ் போயி வழியில நின்னுட்டான், அதனால அவன் கடைசி.

மிசின் தப்புன்னு கத்துனேன். ஜெயசீலன் தோள்ல கை போட்டு, "புதுசுல அப்படித்தானுங்க"ன்னாரு. மத்தவங்க வண்டிய மூடறாங்க, தண்ணி குடிக்கறாங்க, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கறாங்க. ஒருத்தனும் ஆச்சரியப்படலை டாக்டர். நாலாவது வர்ற ஆளு பதிமூணாவது வந்திருக்கறான், ஒருத்தன் அட என்னப்பா இதுன்னு கேக்கலை. அதை அன்னைக்கே நான் கவனிச்சிருக்கணும். எங்க கவனிச்சேன்?

மாட்டுன எடம் சரியில்லைன்னு எடத்த மாத்துனேன். பம்பருக்குப் பின்னால மாட்டுனேன், சீட்டுக்கு அடியில மாட்டுனேன். ட்ராக்ல பழைய வெள்ளைக் கோடு ஒரு எடத்துல இருக்குது, வயரு அதுக்கு நாலு மீட்டர் தள்ளிப் பொதைச்சிருக்கறாங்க. அந்த நாலு மீட்டர் கூட ஓட வேண்டியதா இருக்குதுன்னு கிளப்புக்கு ஒரு லெட்டர் எழுதுனேன். ரெண்டு பக்கம். சிரிக்கறீங்க. சிரிங்க. வட்டமா சுத்தற எடத்துல கோட்டை எங்க போட்டாலும் சுத்து அதே சுத்துதான்னு எனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. அதுக்குள்ள லெட்டர் போயிருச்சு.

கடைசியா, டப்பாவே கோளாறுன்னு முடிவு பண்ணேன். அப்ப வாங்குனதுதானுங்க இந்தச் சிவப்பு. ஆகஸ்ட்ல வண்டியில ரெண்டையும் மாட்டுனேன். ஆமாங்க, ஒரே வண்டியில ரெண்டு. உலகத்துலயே யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க. முன்னால கருப்பு, பக்கத்துலயே சிவப்பு. கருப்பு ஒண்ணு சொல்லும், சிவப்பு ஒண்ணு சொல்லும், வித்தியாசத்தைக் காட்டி கிளப்ப வாங்கு வாங்குன்னு வாங்கிப்போடலாம்னு இருந்தேன். பேப்பர் வந்துச்சு. எம் பேரு ரெண்டு வரியில, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஒண்ணு முப்பத்திமூணு புள்ளி ஒண்ணு பூஜ்யம் ஏழு. ஒண்ணு முப்பத்திமூணு புள்ளி ஒண்ணு பூஜ்யம் ஏழு. ஆயிரத்துல ஒரு பங்குகூட மாறலை. ரெண்டும் சேந்து பேசி வெச்ச மாதிரி.

அப்பவும் எனக்குப் புரியலைங்க. டப்பா சரி, அப்ப வண்டிதான் கோளாறுன்னு நெனச்சேன். எஞ்சின் தொஞ்சு போச்சு, அதனால நேரம் கூடிருச்சு. இதை எப்படி நிரூபிக்கறது? வேற ஒருத்தன என் வண்டியில உக்கார வெக்கணும். அவனும் அதே முப்பத்திமூணு ஓட்டுனான்னா, தப்பு வண்டி மேல. யார உக்கார வெக்கறது? நல்லா ஓட்டறவனைப் போட்டா அவன் தெறமையில வேகமா போயிருவான், கணக்குச் சரியா வராது. சுமாரா ஓட்டறவன் வேணும். பதினோரு வருசமா ஸ்டியரிங்கே தொடாதவன், கண்ணாடி போட்டவன், வேகம்னா பயப்படறவன். திருமூர்த்திய உக்காரச் சொன்னேன்.

"வேண்டாமுங்க மச்சான்"ன்னான். டேய், ஒக்காருடான்னேன். "எனக்கு மறந்து போச்சுங்க"ன்னான். மறந்ததாலதாண்டா உன்னைய உக்காரச் சொல்றேன்னு ஹெல்மெட்ட அவன் தலையில நானே மாட்டிவிட்டேன். கோகிலா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

ப்ராக்டீஸ் நாளு. ட்ராக்ல கூட்டமில்லை. நான் சுவத்துக்கிட்ட நின்னு பாக்கறேன். மொதல் சுத்து மெதுவா போனான். ரெண்டாவது சுத்துல மூணாவது வளைவுல எஸ்டீம் திரும்புது பாருங்க, அது என் வண்டிதானான்னு எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. நான் பிரேக் போடற எடத்துல அவன் பிரேக் போடலை. போடவே இல்லை. அப்படியே போயி, வளைஞ்சு, வெளிய வர்றான். எஞ்சின் சத்தம் கேக்குதுங்க, எனக்கு ஒரு நாளும் அந்தச் சத்தம் குடுக்கலை அந்த வண்டி. நேர் ரோட்டுக்கு வந்தான். கோட்டுக்கு இன்னும் நூறு மீட்டர் இருக்குது. அப்பப் பாத்து ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தான். எடுத்தது மட்டுமில்லை, பிரேக் லைட்டு எரிஞ்சுது. நேர் ரோட்டுல, கோட்டுக்கு முன்னால, எவனாவது பிரேக் போடுவானா? போட்டு, மெதுவாக்கி, கோட்டைத் தாண்டுனான்.

ஒண்ணு இருபத்தொம்பது புள்ளி எட்டு.

பிரேக் போட்டும் இருபத்தொம்பது. எனக்கும் அவனுக்கும் மூணு விநாடிக்கு மேல. ட்ராக்ல மூணு விநாடின்னா டாக்டர், அவன் வந்து எறங்கி ஹெல்மெட்டக் கழட்டறப்ப நான் இன்னும் கடைசி வளைவுல இருப்பேன்.

அதை நான் மன்னிக்கவே மாட்டேனுங்க. மத்ததெல்லாம் கூடப் போகட்டும். ஒழுங்கா முழுசா ஓட்டிட்டுப் போயிருக்கலாம். பிரேக் போட்டான் பாருங்க, என்னைய அந்தளவுக்கு ஏமாளின்னு நெனச்சிருக்கறான். கடைசி நிமிசம் வரைக்கும் ஏமாத்தலாம்னு பாத்திருக்கறான்.

வண்டிய விட்டு எறங்குனான். எம் மூஞ்சியப் பாக்கலை. ஹெல்மெட்ட பானெட் மேல வெச்சுட்டு நிக்கறான். எத்தனை வருசமாடான்னு கேட்டேன். என்ன எத்தனை வருசம்னு அவன் கேக்கலை. "மொத நாள்ல இருந்துங்க"ன்னான்.

கோட்டைத் தாண்டி ரெண்டு விநாடி கழிச்சு வாட்ச்ச ஆரம்பிப்பானாம். மறுக்கா வர்றப்ப கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே அமுக்கிருவானாம். அப்படி மூணு, நாலு விநாடி. மொத வருசம் நாலு, போகப் போக நான் கொஞ்சம் தேறுனதால மூணரைன்னு சொல்றான். கணக்கு வெச்சுச் சொல்றான் டாக்டர்! அப்ப ஏண்டா என்னைய நாலாவதுலயே நிறுத்துனே, குடுத்தது குடுத்தே, ஒரு கப்பக் குடுத்துத் தொலைச்சிருக்கலாமில்லன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்றான் கேளுங்க. "மூணாவது குடுத்தா இன்னொருத்தனோட கப்பு போயிருமுங்க மச்சான். அது தப்புங்க. நாலாவதுக்கு யாருக்கும் நட்டமில்லை." நியாயம் பேசறான். எனக்கு அநியாயம் பண்ணிப்போட்டு அடுத்தவனுக்கு நியாயம்.

அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குது. ஜெயசீலனுக்குத் தெரியும். வக்கீலுக்குத் தெரியும். அஞ்சாவது போனவன் எவனோ, அவனுக்கும் தெரியும், சரி விடுங்கன்னு விட்டிருக்கறான். பொதுக்கூட்டத்துல நான் அரை மணி நேரம் பேசுனப்ப ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கலைன்னேனே, ஏன்னு இப்பப் புரியுதுங்களா?

ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு கேட்டேன். கோகிலாதான் வாயத் தொறந்தா. "பத்து மாசம் நீங்க பேசவே இல்லீங்களே. மறந்துட்டீங்களா?"ன்னா.

அது வேற ஒண்ணுமில்லீங்க. கிளப்புக்கு வர்றதுக்கு முந்தி எங்க அண்ணனுக்கும் எனக்கும் பாகம் பிரிச்சாங்க. இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை, இருவது வருசம் நான் நடத்துனது, அண்ணங்கிட்டப் போயிருச்சு. எனக்கு இந்தப் பட்டறை. மனசு சரியில்லாம கொஞ்ச நாள் ஊட்டுலயே இருந்தேன். அவ்வளவுதான். பத்து மாசம்ங்கறா அவ. கதவச் சாத்திட்டுப் படுத்திருந்தேனாம், சோத்தை வாசப்படியில வெச்சுட்டுப் போவாளாம், வீட்டுல இருந்த கயித்தையெல்லாம் எடுத்துத் திருமூர்த்தி ஊட்டுல ஒளிச்சு வெச்சாளாம். பொம்பளைங்க பயப்படுவாங்க டாக்டர். ஒரு நாள் திருமூர்த்தி வந்து இழுத்துட்டுப் போயி அவன் வண்டியில என்னைய உக்கார வெச்சான். அது அவன் எஸ்டீம்தானுங்க, அப்பறம்தான் என்கிட்ட வந்துச்சு. நாலு சுத்து ஓட்டிட்டு எறங்கறேன். வாட்ச்சைப் பாத்துட்டு, "மச்சான், ஒண்ணு முப்பது! மொத நாள்லயே ஒண்ணு முப்பது!"ன்னு குதிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அன்னைக்கு நான் சிரிச்சேன்னு அக்காளும் தம்பியும் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. சிரிச்சா என்னங்க? ஒரு மனுசன் சிரிச்சாங்கறதுக்காகப் பதினோரு வருசம் பொய் சொல்லுவீங்களா?

மொத நாளு சொன்னீங்க, சரி. மறுநாள் நெசத்தைச் சொல்லியிருக்கலாமில்ல? திருமூர்த்திகிட்ட அதைத்தான் கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழமை நீங்க அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வண்டிய கழுவிட்டு இருந்தீங்க மச்சான். எப்படிச் சொல்றது?"ங்கறான். இது ஒரு பதிலா டாக்டர்?

ஊட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். செப்டம்பர்ல இருந்து பேச்சு இல்லை. கோகிலாகிட்ட, சாப்பாடு போடு, தண்ணி குடுன்னு அவ்வளவுதான். எல்லாத்தையும் அவ கையாலதானே எழுதுனா. ஒரு தடவை கூட அந்தப் பேனா தயங்கலை.

டிசம்பர்ல கடைசிப் போட்டி. போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். ரோசம் விடலை. யாரையும் கூட்டிக்கலை, நானே போனேன். கருப்பு டப்பா மட்டும். மூணாவது வளைவுல திருமூர்த்தி பிரேக் போடாத எடம் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நானும் போடலை. வண்டி எப்படியோ திரும்பிருச்சுங்க. கோட்டைத் தாண்டுனதும் பழக்கதோசத்துல தலையத் தூக்கி டவரப் பாத்தேன். சன்னல் சாத்தியிருந்துச்சு. இப்ப அங்க யாரும் நிக்க வேண்டியதில்லையில்ல, கம்ப்யூட்டர் மட்டும்தான். பேப்பர்ல ஒண்ணு முப்பத்தியொண்ணு புள்ளி எட்டு. பதினோராவது இடம். யாரும் கொறைச்சுக் குடுக்காத நேரம், முழுக்க என்னோடது. ஆயுசுல நான் ஓட்டுனதுல அதுதான் நல்ல சுத்து. பேப்பர மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். ஊட்டுக்கு வந்ததும் கோகிலா, என்ன நேரம் வந்துச்சுங்கன்னு கேட்டா. நீதான் எழுதுவியே, உனக்குப் புடிச்சதை எழுதிக்கன்னு சொல்லிப்போட்டேன். அவ உள்ள போயிட்டா.

மறுநாளே ரெண்டு டப்பாவையும் கழட்டி விளம்பரம் போட்டுட்டேனுங்க. எனக்கு இனி இது வேண்டாம். ஆனா நீங்க வாங்குங்க. நீங்க புதுசு. ஆரம்பத்துலயே நெசம் தெரிஞ்சுரணும். எங்கூட இருந்தவங்க என்னைய ஏமாத்துன மாதிரி உங்ககூட இருக்கறவங்க உங்கள ஏமாத்திரக் கூடாது. யாராயிருந்தாலும் சரி, கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி, நேரத்துல மட்டும் ஒருத்தரையும் நம்பாதீங்க.

உங்களுக்கு இப்ப யாரு நேரம் பாக்கறாங்க?

வீட்டுக்காரரா? வெளிய கார்ல உக்காந்திருக்காரே, அவருங்களா? அடடே, உள்ள கூப்பிட்டிருக்கலாமே. போன்ல பாப்பாரா? சரி சரி. எத்தனை தடவை நம்ம ட்ராக்குக்குப் போயிருக்கீங்க? மூணு தடவைதானா. வண்டி ஸ்விஃப்ட்டுன்னீங்க. எஞ்சின்ல ஏதாவது வேலை பண்ணியிருக்குதுங்களா? ஒண்ணும் பண்ணலை, சரி. டயரு? ரோட்ல ஓட்டற அதே டயருதானா.

என்ன நேரம் வருதுங்கறாரு?

ஒண்ணு முப்பதா?

மூணாவது தடவையிலயே, ஒண்ணு முப்பது. அவரு சொன்னாரா. சொல்றப்ப எப்படி, சந்தோசமா சொன்னாருங்களா? குதிச்சாரா!

இல்லீங்க, ஒண்ணுமில்லை. என்னமோ யோசிச்சுட்டு இருந்துட்டேன். ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு? நான் எங்க வீட்டுக் கதையச் சொன்னேன், அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? டப்பாவ இப்படி வெய்ங்க. குடுங்க இங்க.

நல்ல நேரமுங்க டாக்டர். வரும், ஏன் வராது? ஸ்விஃப்ட் லேசான வண்டி, வளைவுல நல்லாத் திரும்பும். சில பேருக்குக் கையிலயே இருக்கும், மொத நாள்லயே வந்துரும். நான் பதினோரு வருசமா ட்ராக்ல கெடக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? தாராளமா வரும்.

இந்த டப்பா இப்ப உங்களுக்கு வேண்டாமுங்க. கருப்புல வயரு ஒரு எடத்துல விட்டுப்போயிருக்குது, இப்பத்தான் பாக்கறேன். சிவப்புல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. போட்டியில எறங்க எப்படியும் இன்னொரு வருசம் ஆகும், அப்பப் பாத்துக்கலாம். இருங்க, எந்திரிக்காதீங்க, காப்பி வருது. அவரையும் உள்ள வரச் சொல்லுங்க.